பிடித்ததைச் சொல்லுங்கள்!

(தலைப்பு: ரசனை வளர்வது தனிமையிலா? பகிர்விலா? ‘பகிர்விலே!’ என்ற அணியில் பேசியது)

தராசு முள்ளைப் போல நடுவிலே அமர்ந்து, ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி சிரித்த முகத்தோடு பார்த்து, தீர்ப்பு யாருக்கு என்பதைக் கடைசி நிமிஷம் வரை காட்டிக் கொடுக்காத நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்பும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி, “ரசனை என்பது தனிமையில் பூக்கும் பூ” என்று ரொம்ப அழகாகச் சொன்னார். நானே கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அவர் பேசி முடித்து உட்கார்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? முன்வரிசையில் இருக்கிற அவர் வீட்டம்மாவைப் பார்த்து, “எப்படி இருந்தது?”ன்னு கையாலே கேட்டார். அந்த அம்மாவும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாங்க. அப்புறம்தான் தம்பி தண்ணியே குடிச்சார். ஏன் தம்பி, தனிமையே போதும்னா இந்தப் பேச்சை வீட்டுக் கண்ணாடி முன்னால நின்னு பேசிட்டுத் தூங்கியிருக்கலாமே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஒவ்வொரு மனுஷனுக்கும் மனசுக்குள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது. பிடித்த புத்தகம், பிடித்த பாட்டு, பிடித்த புடவை அல்லது சட்டை, பிடித்த படம். ரேஷன் கார்டில் இல்லாத பட்டியல், ஆதார் அட்டையில் இல்லாத பட்டியல். ஆனால் நாம் யார் என்று அந்த ரெண்டு அட்டையையும் விட இந்தப் பட்டியல்தான் சரியாகச் சொல்லும். இதைப் பூட்டி வைத்தால் ரசனை வளருமா, திறந்து காட்டினால் வளருமா? அதுதான் கேள்வி.

எதிரணியினர் மூன்று வாதங்களை வைத்தார்கள். ஒன்று, படிப்பதும் கேட்பதும் தனியாகச் செய்கிற காரியம். ரெண்டு, பகிர்ந்தால் எல்லோருக்கும் ஒரே ரசனை ஆகிவிடும், சொந்த ரசனை போய்விடும். மூன்று, சொன்னால் கேலி செய்கிறார்கள், அதனால் சொல்லாமல் இருப்பதே நல்லது. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காரப் போகிறேன். நடுவர் மணி அடித்தாலும் அரை நிமிஷம் கூடுதலாகக் கேட்பேன்.

முதலில் புத்தகம். “ரெண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தைப் படிக்க முடியுமா? ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கொண்டா படிப்பார்கள்?” என்று பேராசிரியர் ஐயா கேட்டார். நல்ல கேள்வி ஐயா. படிக்கும்போது தனியாகத்தான் படிக்கிறோம். ஆனால் அந்தப் புத்தகம் நம் கைக்கு எப்படி வந்தது?

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியிலே ஓர் இளம் தமிழாசிரியர். வயசு இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பெயர் உ.வே. சாமிநாதையர். பின்னாளில் நாம் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடுகிற அதே மனிதர். அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஆசிரியர் முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். “என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை என்று பட்டியல் போடுகிறார். சாதாரணப் பட்டியலா அது? இன்னொருவராக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார். முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் சரி, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஆசிரியர் அந்த நூலைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் முதலியார் என்ன செய்தார்? “இதுகூடத் தெரியாதா?” என்று சிரித்துவிட்டு அனுப்பவில்லை. தான் நேசித்த அந்த நூலின் பிரதி ஒன்றை அவர் கையிலே கொடுத்தார். படித்து எனக்கும் பாடம் சொல்லுங்கள் என்றார். ஆசிரியர் பிரித்துப் பார்க்கிறார். அது சமண காவியம். சைவப் பாடம் படித்தவருக்குப் பல இடங்கள் பிடிபடவில்லை. உடனே கும்பகோணத்திலே இருந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போகிறார். தலைமுறை தலைமுறையாக அந்தக் காவியத்தைப் பக்தியோடு படித்து வந்த வீடுகள் அவை. நம் மதத்துக்காரர் இல்லையே என்று அவர்கள் கதவைச் சாத்தவில்லை. தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதோடு நின்றதா? 1889இல் பத்துப்பாட்டு. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை. நடுவர் அவர்களே, இந்த வரிசையை ஆரம்பித்து வைத்தது எது? அரசாங்க ஆணையா? பல்கலைக்கழகத் திட்டமா? ஒரு மனிதர் தனக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரை இன்னொரு மனிதரிடம் சொன்னார். அவ்வளவுதான்! அந்த முன்சீப் எதிரணியில் உட்கார்ந்திருக்க வேண்டியவராக இருந்தால், “என் ரசனை எனக்கு” என்று ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். பெட்டிக்குள்ளே யார் ரசித்திருப்பார்கள்? கரையான் ரசித்திருக்கும்! (நீண்ட கைதட்டல்)

இது ஏட்டுக் காலத்துக் கதை என்று சொல்வீர்கள். பத்திரிகைக் காலத்துக்கு வருவோம். 1950இலே ‘கல்கி’ வார இதழில் பொன்னியின் செல்வன் தொடர்கதையாக ஆரம்பித்தது. 1954 வரை ஓடியது. வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். அந்தக் காலத்திலே எல்லா வீட்டிலுமா பத்திரிகை வாங்கினார்கள்? ஒரு வீட்டில் வாங்குவார்கள், நாலு வீட்டில் படிப்பார்கள். கண் தெரியாத பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டுவாள். படிக்கும்போதே பாட்டி, “இரு, இரு, அந்தக் குள்ளமா ஒருத்தன் வருவானே, நம்பியோ கிம்பியோ, அவன் மறுபடி எப்ப வர்றான்?”னு கேட்பாள். தொடர் முடிந்ததும் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைத்தார்கள். அந்த பைண்டு புத்தகம் கல்யாணமான மகளோடு புகுந்த வீட்டுக்குப் போனது. நாத்தனார் இரவல் வாங்கினாள். இரவல் போன புத்தகம் எங்கே திரும்பி வந்தது? அதெல்லாம் வராது! (சிரிப்பு) ஆனால் கதை பரவியது. 2022லேயும் 2023லேயும் அது ரெண்டு பாகமாகத் திரைப்படமாக வந்தபோது, தியேட்டர் வாசலிலே எழுபது வயசுக்காரரும் பதினேழு வயசுக்காரியும் ஒரே வரிசையில் நின்றார்கள். பேத்தியைக் கூட்டிக் கொண்டு வந்த தாத்தா இடைவேளையிலே, “புத்தகத்துல இது இப்படி இல்லம்மா”ன்னு சண்டைக்கே போனார். அந்தச் சண்டை இருக்கிறதே, அதுதான் ரசனை.

அடுத்து பாட்டு. எதிரணித் தம்பி சட்டைப் பையிலிருந்து இயர்போனை எடுத்துக் காட்டி, “இதுதான் என் சொர்க்கம், இதுக்குள்ள நான் ஒருத்தன்தான்” என்றார். தம்பி, அந்த சொர்க்கத்துக்குக் கொஞ்சம் பழைய கதை இருக்கு, கேளுங்க.

1979ஆம் ஆண்டு ஜப்பானிலே சோனி கம்பெனி வாக்மேன் என்ற ஒரு பெட்டியை வெளியிட்டது. நடந்து கொண்டே காதிலே மாட்டிப் பாட்டுக் கேட்கிற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பிய கருவி. கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா அதன் மாதிரியைச் சோதித்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்துப் போகிறார். காதிலே மாட்டிக் கேட்டுக் கொண்டிருக்கிறார். அவருடைய மனைவிக்கு மனசு சங்கடப்பட்டு விட்டது. பக்கத்திலேயே இருக்கிறேன், என்னை வெளியே தள்ளிவிட்டு நீங்கள் மட்டும் கேட்கிறீர்களே என்று. உலகத்தில் எந்த மூலையானால் என்ன, வீட்டுக்கு வீடு வாசப்படி! (சிரிப்பு) மொரிட்டா என்ன செய்தார்? அந்த முதல் வாக்மேனிலே ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு ஹெட்போன் துளை வைக்கச் சொன்னார். கேட்டுக் கொண்டே ஒருவரோடொருவர் பேசிக் கொள்ள ஒரு பட்டனும் வைத்தார்கள். பின்னால் வந்த மாடல்களிலே அந்த ரெண்டாவது துளை போய்விட்டது, அது வியாபாரம். ஆனால் தனிமையில் பாட்டுக் கேட்கிற கருவியைச் செய்தவனே முதலில் ரெண்டாவது காதுக்கு இடம் வைத்துத்தான் செய்தான் என்பது சரித்திரம்.

நம்ம ஊருக்கு வாருங்கள். வானொலியிலே ‘நேயர் விருப்பம்’ என்று ஒரு நிகழ்ச்சி. நம் வானொலியிலும் உண்டு, கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியிலும் உண்டு. பிடித்த பாட்டைத் தபால் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னால் பெயர்களை வாசிப்பார். இன்ன ஊரிலிருந்து அம்மா, அப்பா, அத்தை, மாமா, சின்னக்குட்டி என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கொண்டே போகும். பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர் நாலு நிமிஷம்! (சிரிப்பு)

இதிலே ஒரு தத்துவம் இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்தப் பாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முணுமுணுத்துக் கொண்டே துணி துவைக்கலாம். அப்புறம் எதுக்குப் பதினைந்து பைசா கார்டு வாங்கி, கூட்டி கூட்டி எழுதி, வாரக் கணக்கிலே காத்திருந்தார்கள்? நமக்குப் பிடித்த பாட்டை முகம் தெரியாத ஆயிரம் பேர் அதே நிமிஷத்தில் நம் பெயரோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற ஆசை! தனியாகக் கேட்ட பாட்டு இனிக்கும். சேர்ந்து கேட்ட பாட்டு நிலைக்கும்.

இங்கே ஒரு வீட்டுச் சம்பவம் சொல்கிறேன். எங்கள் உறவிலே ஓர் அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் நல்ல வேலை. மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் தடபுடல். சாயங்காலம் இசைக் கச்சேரி. மூத்த மகன் சொன்னான், “அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு, அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு பாடச் சொல்லுவோம்.” நல்ல யோசனை. அப்பாவுக்குப் பிடித்த பாட்டு? நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். காலையிலே சவரம் செய்யும்போது முப்பது வருஷமாகப் பாடிக் கெடுத்த பாட்டு, தெரியாமல் இருக்குமா? (சிரிப்பு) அம்மாவுக்குப் பிடித்த பாட்டு?

ஒரு சத்தமும் இல்லை, நடுவர் அவர்களே.

மகளைப் பார்த்தார்கள், மகள் தம்பியைப் பார்த்தாள். அப்பாவைக் கேட்டார்கள். அவர், “உங்கம்மா பாட்டெல்லாம் கேப்பாளா என்ன?”ன்னு அவங்களையே திருப்பிக் கேட்டார். அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் தெரியாமல் பாட வைத்து அசத்த வேண்டுமே. கடைசியிலே மகளுக்கு ஒரு யோசனை. அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருத்தி, வேற ஊரிலே இருக்கிறார். போன் போட்டார்கள். கேள்வியை முடிக்கக்கூட இல்லை, அந்த அம்மா பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார். “நாங்க ரெண்டு பேரும் அதுக்காக ரேடியோவுக்குக் கார்டு போட்டோம்டி. எங்க பேரை வாசிச்சப்போ உங்கம்மா குதிச்ச குதியில எங்க வீட்டுத் திண்ணையில இருந்த சொம்பு உருண்டு போச்சு!” என்றாராம்.

சாயங்காலம் அந்தப் பாட்டைப் பாடினார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “யார் சொன்னா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் பாட்டு முடிகிற வரை யாரையும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அந்த அப்பா இருக்கிறாரே, அவர் மனைவியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தன்று முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று வீட்டுக்குத் தெரியும். பிரஷர் எவ்வளவு என்று தெரியும். பாட்டு என்ன என்று தெரியவில்லை. எதிரணித் தோழர்களே, அந்த அம்மா உங்கள் அணிதான். தன் ரசனையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தார். அது அவருக்கு வளர்ந்ததா, நடுவர் அவர்களே? திண்ணையில் குதித்த அந்தப் பெண் எங்கே போனாள்? (கைதட்டல்)

அடுத்து உடை. எதிரணி அம்மா ரொம்பச் சாமர்த்தியமாக ஒரு வாதம் வைத்தார்கள். “ஒருத்தி கட்டினா எல்லாரும் கட்டுவாங்க. ஒரு சினிமாவுல ஒரு புடவை வந்தா ஊரெல்லாம் அதே புடவை. இதுலே சொந்த ரசனை எங்கே?” என்று. கேள்வி நியாயம். ஆனால் அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்திலே வந்து, “இந்த பார்டர் நல்லா இருக்கே, எங்க எடுத்தீங்க?”ன்னு கேட்டாங்க! (சிரிப்பு) நான் கடைப் பெயர் முதல் தெரு வரை சொன்னேன். எதிரணி என்று பார்த்தேனா? இல்லையே!

விளையாட்டு இருக்கட்டும். 1936ஆம் ஆண்டு சென்னையிலே ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பரதநாட்டியப் பள்ளி என்றுதான் நமக்குத் தெரியும். அடுத்த வருஷமே, 1937இலே, அங்கே ஒரு நெசவுக் கூடமும் ஆரம்பமானது. ஏன்? அந்த அம்மாவுக்குப் பழைய காலத்துப் புடவைகள் மீது கொள்ளை ஆசை. பாட்டிமார்கள் பெட்டியிலே இருந்த புடவைகள், அகலமான கோயில் கரை, உடம்பு ஒரு நிறம், கரை நேர் எதிர் நிறம். ‘எனக்குப் பிடித்தது என் பீரோவில் இருக்கட்டும்’ என்று நினைத்திருந்தால் நாலு புடவை மிஞ்சியிருக்கும். அவர் நெசவாளரிடம் காட்டினார், நெய்யச் சொன்னார், தானும் கட்டினார், மேடையிலே ஆடியவர்களுக்கும் கட்டிவிட்டார். இன்றைக்கும் ஜவுளிக் கடையிலே போய் ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். ஒருவருடைய விருப்பம் ஒரு தொழிலின் மூச்சாக மாறியது.

நம் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொள்ளுங்கள். கட்டம் போட்ட கெட்டிப் பருத்தி. ஆச்சிமார்கள் கட்டியது. அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு மட்டும் தறியை ஓட்டுமா? யாரோ ஒரு பேத்தி ஆச்சியின் சேலையைக் கட்டிக் கொண்டு ஆபீசுக்குப் போனால், பக்கத்து மேசைப் பெண் “இது என்ன சேலை?” என்று கேட்டால், அந்தப் பேத்தி பெருமையாகப் பதில் சொன்னால், அப்போதுதான் தறி ஓடும். “எங்க எடுத்தீங்க?” என்ற அந்த ரெண்டு வார்த்தையை எளிதாக நினைக்காதீர்கள். அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு நெசவாளர் வீட்டு அடுப்பு இருக்கிறது!

அடுத்து ஓவியம். நம் வீட்டுப் பூஜை அறையிலே லட்சுமி படம், சரஸ்வதி படம் இருக்கிறதே, தாமரை மேலே நிற்கிற லட்சுமி, வீணையோடு சரஸ்வதி, இந்த வடிவம் நம் கண்ணிலே எப்படிப் பதிந்தது? ராஜா ரவிவர்மா எண்ணெய் வண்ணத்திலே தீட்டினார். அவை அரண்மனைச் சுவரிலே தொங்கின. ராஜா பார்த்தார், திவான் பார்த்தார். அவற்றைப் பார்த்து ரசித்தவர்களில் ஒருவர் சர் டி. மாதவராவ். நம் கும்பகோணத்திலே பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தோரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். அவர்தான் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் படத்துக்கு இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள், ஒரு கை எத்தனை படம் வரைய முடியும், அச்சடித்துப் பரப்புங்கள் என்று. 1894இலே ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவரிலிருந்து படம் இறங்கி, ஓட்டு வீட்டுச் சுவருக்கு வந்தது. கோயிலுக்குள்ளே நுழைய முடியாமல் தடுக்கப்பட்டவர்கள் வீட்டிலும் சாமி படம் மாட்ட முடிந்தது. அதன் பிறகு நம் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியிலே அச்சாகிக் காலண்டராக வீடு வீடாக வந்தன. வருஷம் முடிந்த பிறகும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு வைத்துக் கொண்டோமே! “நான் மட்டும் பார்த்தால் போதும்” என்று அந்த திவான் நினைத்திருந்தால்?

இப்போது ரெண்டாவது வாதத்துக்கு முழுப் பதில். பகிர்ந்தால் எல்லோரும் ஆட்டு மந்தை ஆகிவிடுவார்களாம். திருநெல்வேலிக்கு வாருங்கள். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், டி.கே.சி. அவர் வீட்டு முற்றத்திலே நண்பர்கள் கூடுவார்கள். ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். பதவி கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் கிடையாது. என்ன செய்வார்கள்? தனக்குப் பிடித்த ஒரு கவிதையை ஒருவர் சொல்வார், ஏன் பிடிக்கிறது என்று சொல்வார், மற்றவர்கள் சேர்ந்து அனுபவிப்பார்கள். அவ்வளவுதான். அவருடைய ரசனையிலே எல்லோருக்கும் சம்மதமா? கம்பராமாயணத்திலே பல பாடல்கள் கம்பன் எழுதியதே அல்ல, இடைச்செருகல் என்று தள்ளினார். புலவர்கள் கொதித்தார்கள், மறுத்து எழுதினார்கள். சொன்னதால்தானே மறுக்க முடிந்தது? மறுத்ததால்தானே கம்பனை மறுபடி எடுத்துப் படித்தார்கள்? 1939இலே காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கி முதல் விழா எடுத்தபோது தலைமை தாங்கியவர் இதே டி.கே.சி.தான். அந்தக் கம்பன் மேடைகளிலே வளர்ந்ததுதான் நாம் இன்று நிற்கிற இந்தப் பட்டிமன்றம்! பகிரக் கூடாது என்று பேசுவதற்கே பகிர்வு போட்ட மேடை வேண்டியிருக்கிறது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

அந்த வட்டத்திலே ஊறிய ஒருவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். அரசாங்க அதிகாரி. கவிதையிலே தொடங்கிய ரசனை கல்லுக்கும் செம்புக்கும் போனது. தஞ்சை வட்டாரத்திலே கவனிப்பாரில்லாமல் கிடந்த சிலைகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்க முன்நின்றார். 1951இலே தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் உருவானது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய் அந்த வெண்கலச் சிலைகளைப் பார்க்கிறார்கள். முற்றத்திலே நாலு பேர் பேசிய ரசனை, ஊருக்கே கண்காட்சியாக விரிந்தது. ஒரே ரசனை ஆகவில்லை. ஒரு ரசனை நூறாகக் கிளைத்தது.

மூன்றாவது வாதம். இதுதான் முக்கியமானது, இதைச் சொன்ன எதிரணி அம்மாவுக்கு நான் நன்றி சொல்கிறேன். சொன்னால் கேலி செய்கிறார்களே! உண்மைதான். மகன் ஆசையாக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுகிறான். அப்பா என்ன சொல்கிறார்? “இதெல்லாம் ஒரு பாட்டா? எங்க காலத்துல...” முடிந்தது! அடுத்த நாளிலிருந்து அவன் காதிலே இயர்போன். மகள் ஒரு படம் வரைந்து கொண்டு வருகிறாள். “கணக்குப் பாடம் முடிச்சிட்டியா?” என்கிறோம். அந்தப் படம் நோட்டுக்குள்ளே போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகள் தனிமையைத் தேர்ந்தெடுத்தார்களா? நாம் தள்ளிவிட்டோம். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது என்று புலம்புகிறோமே, தாழ்ப்பாளை வாங்கிக் கொடுத்தது யார்? இதற்கு மருந்து பேசாமல் இருப்பதா, கேலியை விடுவதா?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பகிர்வது வேறு, திணிப்பது வேறு. இன்றைக்குக் கைபேசியிலே விடிந்தால் நாற்பது வந்து விழுகிறது. அனுப்பியவரே படித்திருக்க மாட்டார். அது பகிர்வு இல்லை, தபால்காரர் வேலை. தபால்காரராவது முகவரி பார்த்துக் கொடுப்பார்! (சிரிப்பு) பகிர்வு என்றால், “இது எனக்குப் பிடிக்கும், இதனாலே பிடிக்கும்” என்று ஒரு வரி சொல்ல வேண்டும். “உனக்கு எது பிடிக்கும்?” என்று ஒரு வரி கேட்க வேண்டும். அதற்குப் பிறகு சும்மா இருக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காமல் போனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்ளக் கூடாது.

வள்ளுவர் கல்வி அதிகாரத்திலே ஒரு செய்தி சொல்கிறார். தமக்கு இன்பம் தருகிற கல்வி உலகத்துக்கும் இன்பம் தருவதைப் பார்த்துத்தான், படித்தவர்கள் மேலும் மேலும் அதை விரும்புவார்களாம். கவனியுங்கள்! ‘மேலும் விரும்புவார்கள்’ என்கிறார். அடுத்தவர் மகிழ்வதைப் பார்க்கப் பார்க்க நம் ஆசை வளர்கிறது. இன்றைய தலைப்பிலே ‘வளர்வது’ என்ற சொல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமாகப் பழமையான தீர்ப்பு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நடுவர் கையெழுத்துப் போட்டால் போதும்! (கைதட்டல்)

நிறைவாக ஒன்று. நாம் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சேர்த்து வைக்கிறோம். வீட்டைப் பத்திரம் பண்ணலாம். நகையை லாக்கரில் வைக்கலாம். வங்கிக் கணக்குக்கு வாரிசு எழுதலாம். ஆனால் எந்தப் பத்திர ஆபீசிலும் ரசனையைப் பதிவு பண்ண முடியாது. நமக்குப் பிடித்த பாட்டு, நம்மை அழ வைத்த புத்தகம், நாம் ஆசைப்பட்டுக் கட்டிய சேலையின் கதை, பார்த்து மெய்மறந்து நின்ற சிற்பம், இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போது வாயால் சொல்லித்தான் கொடுக்க முடியும். சொல்லாமல் போனால் பீரோவில் துணி இருக்கும், அலமாரியில் புத்தகம் இருக்கும், நாம் இருக்க மாட்டோம், நம் ரசனையும் இருக்காது.

ஆகவே, பகிரப் பகிரக் குறைவது பணம், பகிரப் பகிர வளர்வது ரசனை என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தீர்ப்பை வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் பகிர்ந்து கொள்ளுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)